நாளொழுங்கு: இரண்டணா கற்பிக்கும் பாடம்

அன்றாடத் திட்டம் வகுப்பதில் நாம் எவரும் சளைத்தவர்கள் அல்லர். விடியலில் எழுதல், அரைமணி நேரம் நடத்தல், வரவு செலவு எழுதுதல், உறங்குமுன் சில பக்கங்கள் படித்தல் என்று பட்டியல் நீள்கிறது. முதல் வாரம் யாவும் முறையாக நடக்கின்றன. பிறகு உறவினர் வீட்டுத் திருமணம் வருகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வருகிறது. ஒழுங்கு குலைந்ததும், நமக்கு மனவுறுதி போதாது என்று நாமே தீர்ப்பளித்துக்கொள்கிறோம். இத்தீர்ப்பு சரியானதுதானா? நம் நாட்டு வங்கித்துறையின் வரலாற்றிலேயே இதற்கு விடை கிடைக்கிறது.

வாசலுக்கு வந்த சேமிப்பு

1925-ஆம் ஆண்டில் டி.எம்.ஏ. பாய், உபேந்திர அனந்த பாய், வாமன் குட்வா ஆகியோர் 8,000 ரூபாய் மூலதனத்துடன் உடுப்பியில் ஒரு நிதி நிறுவனத்தைத் தொடங்கினர். நலிவுற்றிருந்த கைத்தறி நெசவாளர்களுக்கு உதவுவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. பின்னாளில் சிண்டிகேட் வங்கி என்று பெயர்பெற்ற அந்நிறுவனம், 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியுடன் இணைந்தது.

1928-இல் அது அறிமுகப்படுத்திய பிக்மி வைப்புத் திட்டம் எளிமையானது. முகவர் நாள்தோறும் வாடிக்கையாளரின் வாசலுக்கே செல்வார். இரண்டணா போன்ற சிறுதொகையையும் பெற்றுக் கணக்கில் சேர்ப்பார். ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற அக்காலக் கணக்கின்படி, நாளுக்கு இரண்டணா முப்பது நாளில் 3 ரூபாய் 12 அணாவாகும். ஓராண்டில் 45 ரூபாய் 10 அணாவாகும். மாத இறுதியில் மூன்றே முக்கால் ரூபாயை ஒருசேர எடுத்துவைக்க இயலாத ஒருவராலும், அதே வருவாயைக்கொண்டு நாளுக்கு இரண்டணா தர முடிந்தது. அவருடைய மனவுறுதி கூடிவிடவில்லை, முறைதான் மாறியது. அம்முறையின் கூறுகளை நம் நாளொழுங்குக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

கடினமான நாளே அளவுகோல்

நாம் திட்டமிடும்போது நல்ல நாளையே மனத்தில் கொள்கிறோம். உடல்நலமும் ஓய்வும் வாய்த்த நாளில் அரைமணி நேர நடை எளிது. பேருந்து தாமதமாகி, களைத்து வீடு திரும்பும் நாளில் அது மலையாகிவிடுகிறது. மழையால் வியாபாரம் படுத்த நாளிலும் தரக்கூடியது என்பதே இரண்டணாவின் சிறப்பு. எனவே நம் கடமைக்கும் ஓர் இரண்டணா அளவு வகுத்துக்கொள்ள வேண்டும். நடைக்கு ஐந்து நிமிடம், படிப்புக்கு ஒரு பக்கம், கணக்குக்கு அன்றைய மொத்தச் செலவு மட்டும். இயன்ற நாளில் கூடுதலாகச் செய்யலாம். கூடுதல் அளவைக் கடமையாக்கிவிடலாகாது.

நேரத்தைவிட நிகழ்வு வலிது

‘நேரம் கிடைக்கும்போது செய்வோம்’ என்று எண்ணிய செயலுக்கு நேரம் கிடைப்பதே இல்லை. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு நிகழ்வோடு அதைப் பிணைக்க வேண்டும். காலைக் காப்பிக்குப் பின், மாலை விளக்கேற்றிய பின், கடையைப் பூட்டுமுன் என்று குறித்துக்கொள்ளலாம். சுழற்சி முறையில் பணியாற்றுவோருக்கு இது மிகவும் பயன்படும். அவர்களுக்குக் கடிகார நேரம் வாரந்தோறும் மாறும். பணி முடிந்து குளிப்பது மாறாது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வும் இம்முறையையே கையாண்டது. ஒவ்வொருவரும் உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றுள் ஒன்றைச் சார்ந்த புதிய செயலைத் தெரிந்து, அதை அன்றாட நிகழ்வொன்றோடு இணைத்துப் பன்னிரண்டு வாரம் பின்பற்றினர். அச்செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்ட, நடுமட்டமாக 66 நாள் ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இருபத்தொரு நாளில் எப்பழக்கமும் படிந்துவிடும் என்று நம்பி, இருபத்திரண்டாம் நாளில் மனம் தளர்வோர் இதை நினைவிற்கொள்வது நன்று.

தவறிய நாளின் மறுநாள்

அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. இடையில் ஒருமுறை தவறுவது, பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. ஒரு நாள் வரவில்லை என்பதற்காக நாம் கணக்கேட்டைக் கிழித்தெறிவதில்லை. அடுத்த வரியில் எழுதுகிறோம். தவறியதற்கு ஈடாக மறுநாள் இருமடங்கு செய்ய முயல்வதும் வேண்டா. அது சுமையாகி, மீண்டும் தவறவே வழிவகுக்கும். மறுநாள் வழக்கமான அளவே போதும். நோயுற்று எழுந்தவர் இரண்டணா அளவிலிருந்து தொடங்கலாம்.

இடம் மாறினாலும் மாறாதவை

பயணம் நாளொழுங்கின் பெரும்பகை. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து காந்தியடிகள் எழுபத்தெட்டுத் தொண்டர்களுடன் புறப்பட்டு, 24 நாளில் ஏறத்தாழ 240 மைல் நடந்து தண்டியை அடைந்தார். தங்குமிடம் நாள்தோறும் மாறியது. எனினும் வழிபாடு, நூற்பு, நாட்குறிப்பு ஆகிய மூன்றும் அந்நடையிலும் விதியாக இருந்தன. திங்கட்கிழமை ஓய்வுநாள். பயணத்தில் எல்லாவற்றையும் சுமக்க இயலாது. எவற்றை விடலாம், எவற்றை விடலாகாது என்பதைப் புறப்படுமுன்னரே முடிவுசெய்தல் நலம்.

காத்திருக்கும் ஒருவர்

முகவர் வருவார் என்ற எதிர்பார்ப்பும் ஒரு வலிமையே. பணி ஓய்வு பெற்றோர் இதை நன்கு உணர்வர். அதுவரை அலுவலகம் வகுத்த ஒழுங்கு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. எழும் நேரமும் உண்ணும் நேரமும் தளர்கின்றன. மருந்தும் சில வேளை தவறுகிறது. தெருமுனையில் ஒரு நண்பர் காத்திருந்தால் காலை நடை தவறாது.

முதியோரையும் குழந்தைகளையும் பேணும் இல்லத்தரசியரின் நிலை வேறு. அவர்தம் நேரம் பிறர் தேவைகளால் துண்டாடப்படுகிறது. அவர்களிடம் மனவுறுதியைப் பற்றிப் பேசுவது முறையன்று. நாள்தோறும் இருபது நிமிடம் அவர்களுடையது என்று குடும்பம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நேரத்தில் அழைப்புமணிக்கும் மாமியாரின் மருந்துக்கும் வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவரின் ஒழுங்கைக் காப்பதில் வீட்டார் அனைவர்க்கும் பங்குண்டு.

பயிற்சி

இன்று ஒரே ஒரு செயலைத் தெரிவு செய்வோம். அதன் மிகச்சிறிய அளவு என்ன, எந்த அன்றாட நிகழ்வுக்குப் பின் செய்வோம், யாரிடம் சொல்லிவைப்போம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுவோம். செய்த நாளை நாட்காட்டியில் குறித்துவருவோம். பத்து வாரம் கழிந்தபின் அளவைக் கூட்டலாமா என்று பார்ப்போம்.

மாதத் தவணையை வங்கி தானாகவே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் காலம் இது. நடையையும் படிப்பையும் மட்டும் அவ்வாறு ஒப்படைக்க இயலாது. அவற்றை அன்றன்று நம் கையால்தான் செலுத்த வேண்டும். அதனால்தான் செலுத்தும் தொகை சிறியதாக இருக்கட்டும்.