அயல்நாட்டுச் சாலையில் தலைக்கவசம்

விடுமுறை வந்துவிட்டால் நம் மாணவர்களுள் சிலர் இப்போது கடல் கடந்தும் சென்று வருகின்றனர். தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவு ஆகியவை அதிகச் செலவின்றிப் பார்க்கத்தக்க இடங்கள். அங்கே போய் இறங்கியவர்கள், உள்ளூர்க்காரரானாலும் ஐரோப்பியரானாலும் இந்தியரானாலும், எங்கும் ஸ்கூட்டரில் போவதையே காண்கின்றனர். நாள் வாடகையோ நம் ஊர் ஆட்டோ ரிக்‌ஷாவில் இரண்டு முறை போய்வரும் செலவுக்குள் அடங்கிவிடும். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கிறார். ஓட்டுநர் உரிமம் உண்டா என்று கேட்பவர் சிலரே. தலைக்கவசம் ஒன்றையும் தருகிறார். அது பெரும்பாலும் கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறது!

சொந்த நாட்டில் இப்படிச் செய்யத் துணியாதவர்களே அங்கே இப்படிச் செய்கின்றனர் என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் தலைக்கவசமின்றி ஒரு தெருவைக்கூடக் கடக்காதவர், புக்கெட்டில் அரைக்கால் சட்டையும் ரப்பர்ச் செருப்புமாக மலைச்சாலையில் ஏறுகிறார். வெயில், குறைந்த தூரம், குறைந்த வேகம் என்று அவர் காரணம் சொல்வார். விடுமுறையில் இருக்கிறோம் என்ற மனநிலையே உண்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். வண்டியை விட்டு இறங்கும்போது சூடான புகைபோக்கியில் கெண்டைக்கால் பட்டு வரும் தீக்காயத்துக்குத் ‘தாய்லாந்துப் பச்சை’ என்று பயணிகள் வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கின்றனர். ஒரு காயத்துக்குப் பட்டப்பெயரே ஏற்பட்டுவிட்டதென்றால், புதிதாக வண்டி ஏறுவோர் எத்தனை பேர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

உள்ளூர்க்காரரைப் பார்த்துத் தவறான பாடம் கற்பதும் உண்டு. பாலியில் இந்துக்கள் கோயில் விழாவுக்குச் செல்லும்போது ‘உடெங்’ என்னும் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, தலைக்கவசமின்றியே வண்டியில் போவர். வழிபாட்டு உடை என்பதால் காவலர் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இதைக் காணும் வெளிநாட்டார், இங்கே சட்டமே இல்லை போலும் என்று முடிவுகட்டிவிடுகின்றனர். சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 2009 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டப்படி, தேசியத் தரக்குறியீடு பெற்ற தலைக்கவசத்தை ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் அணிதல் வேண்டும். மீறினால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 2,50,000 ருப்பியா வரை அபராதம். வெளிநாட்டாரின் போக்குவரத்துக் குற்றங்கள் மிகுந்தமையால், 2023 மார்ச்சில் பாலியின் ஆளுநர் வயான் கோஸ்டர், அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்குத் தருவதையே தடுக்கப்போவதாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை சென்றது.

தாய்லாந்தின் நிலையைப் பார்த்தால் இது வீண் கவலை அன்று என்பது விளங்கும். அங்கே சாலையில் உயிரிழப்போருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இரு சக்கர, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் சென்றவர்கள் என்று 2018 இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை கூறிற்று. பழகிய உள்ளூர் மக்களுக்கே நிலைமை இதுவானால், வளைவும் மேடும் அறியாத விருந்தாளியின் நிலை என்ன?

தலைக்கவசத்தின் பயனை எண்ணிக்கையால் நிறுவிக் காட்டிய வரலாறு சுவையானது. அரேபியப் பாலைவனப் போரில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாமல் விலக முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றியவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை போலும். போர்க்காலத்தில் செய்தி கொண்டுசெல்லும் இராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்கள் தலையடிபட்டு இறப்பதை ஆராய்ந்து, 1941 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் பணியிலிருக்கும் இராணுவ ஓட்டுநர் அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அதன்பின் சாவுகள் குறைந்ததை 1946 இல் மற்றொரு கட்டுரையில் அவரே காட்டினார். ஆயினும் பிரிட்டனில் பொதுமக்களுக்குச் சட்டம் வந்தது 1973 இல்தான். கெய்ர்ன்ஸ் அதைக் காண உயிரோடு இல்லை.

கவசம் செய்யும் வேலைதான் என்ன? பலர் அதை ஓர் இரும்புச் சட்டி போல எண்ணுகின்றனர். மேலே உள்ள கெட்டியான ஓடு, கூரிய பொருள் துளைக்காமல் தடுத்து, அடியை அகலமாகப் பரப்புகிறது. உயிர் காக்கும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வெண்ணிற நுரைப் பஞ்சு. நசுங்குவதே அதன் தொழில். பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஸ்கூட்டரில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது. வண்டி நின்றுகொண்டிருக்கையிலேயே அவர் சாய்ந்து விழுந்தாலும், தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் ஆகிவிடும். விழுந்த உயரத்தை, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தால் வகுத்தால், தலை தாங்கும் சராசரி விசை அதன் எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது ஏறத்தாழக் கிடைக்கும். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதினால் தோல் நசுங்குவது 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். விடை 500 மடங்கு. நுரை 30 மில்லிமீட்டர் நசுங்கினால் விடை 50 மடங்கு. தலையின் எடை 5 கிலோ எனில், முன்னது இரண்டரை டன் பாரம். பின்னது 250 கிலோ. வண்டி மெதுவாகத்தானே போகிறது என்னும் வாதத்துக்கு இக்கணக்கில் இடமே இல்லை. முன்னோக்கிய வேகத்தோடு கம்பத்தில் மோதினால் நிலைமை இன்னும் மோசம்.

பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2008 இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, தலைக்கவசம் மரண வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது. வியட்நாம் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் அதைக் கட்டாயமாக்கிற்று. முந்தைய நாள் வரை வெறுந்தலைகளாகத் தெரிந்த ஹனோய்த் தெருக்கள் மறுநாள் கவசங்களால் நிறைந்தன. பின்னர் நடந்த ஆய்வு, தலைக்காய வாய்ப்பு 16 சதவீதமும் மரண வாய்ப்பு 18 சதவீதமும் குறைந்ததாகக் கூறுகிறது. நாட்டளவில் குறைவு இவ்வளவுதானா என்று கேட்கலாம். சட்டத்துக்கு முன்பே சிலர் அணிந்திருந்ததும், கடைகளில் நுரையே இல்லாத தொப்பி போன்ற போலிக் கவசங்கள் மலிந்ததும் காரணங்களில் சேரும்.

இனி, சீட்டு விஷயம். நம் நாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச்சீட்டு 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையைச் சார்ந்தது, ஓராண்டுக்குச் செல்லும். வியட்நாம் ஏற்பதோ 1968 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைச் சார்ந்த சீட்டை. ஆகவே நம் சீட்டைக் காட்டி ஹா ஜியாங் மலைச்சாலையில் வண்டி ஓட்டலாம் என்று நம்பிச் செல்பவர் சட்டத்தின் கண்ணில் உரிமமற்றவரே. சீட்டு செல்லுபடியாகும் நாட்டிலும் அதில் மோட்டார் சைக்கிளுக்கான ‘ஏ’ பிரிவில் முத்திரை இருத்தல் வேண்டும். கார் மட்டும் ஓட்டுவோருக்கு அது இராது. செல்லத்தக்க உரிமமின்றி ஓட்டி அடிபட்டால், பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக மருத்துவச் செலவைத் தர மறுத்துவிடும். அந்நிய நாட்டு மருத்துவமனையில் சில நாள் தீவிரச் சிகிச்சைக்கு ஆகும் தொகை நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கிவிடக்கூடும். இன்னொன்று: தாய்லாந்திலும் பாலியிலும் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டுவர், வியட்நாமில் வலப்பக்கம். திருப்பங்களில்தான் பழக்கம் ஏமாற்றும்.

வாடகைக் கடையில் தரும் கவசத்தைக் கையில் வாங்கியவுடன் உட்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்கு அடியில் உறுதியான நுரை தட்டுப்படவில்லையானால் அது வெறும் தொப்பி. தலையில் வைத்து, தாடை வாரைப் பூட்டி, பின்புறமிருந்து முன்னோக்கித் தள்ளும்போது கழன்றால் அளவு பெரிது. வார் பூட்டாத கவசம் தலைக்கு முன்பே தரையில் விழுந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் நுரை நசுங்கியபடியே நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. வாடகைக் கவசம் எத்தனை பேரோடு விழுந்து எழுந்ததோ, யார் அறிவார்? இந்தியாவில் 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கரக் கவசங்களை விற்கக் கூடாது. இங்கேயே அம்முத்திரை உள்ள ஒன்றை வாங்கி உடன் கொண்டுபோவது நல்லது. பெரும்பாலானவை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இரா. உள்ளே நாலைந்து சட்டைகளைத் திணித்துவிட்டால் பெட்டியில் இடமும் வீணாகாது.