அதிரசப் பதம்

உண்டி உடலை வளர்ப்பது. உள்ளத்தோடும் அதற்கு உறவு உண்டு. இளமையில் உண்ட பண்டம் ஒன்றின் மணம் பல்லாண்டு கழிந்தபின் மீண்டும் எழுமாயின், அன்று அடுப்படியில் உடனிருந்தார் அனைவரும் நினைவில் எழுந்து வருவர். மணத்தை உணரும் நரம்புகள், உணர்ச்சிக்கும் நினைவிற்கும் உரிய மூளைப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையவை என்பர் அறிவியலார். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் 1913 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தேநீரில் நனைத்த சிறு பண்டம் ஒன்றின் சுவையால் ஒருவனுக்கு இளமைக்காலம் மீண்டு வரும் காட்சி உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டில் அத்தகைய ஆற்றல் வாய்ந்த பண்டங்களுள் ஒன்று அதிரசம். மிக்க சுவையுடையது என்பது அப்பெயரின் பொருள்.

அதிரசத்திற்கு வேண்டும் பொருள்கள் சிலவே. பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் உலர்த்துவர். ஈரம் முற்றும் நீங்குமுன் அதனை இடித்துச் சலித்துக்கொள்வர். வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, பாகு காய்ச்சி இறக்கி, ஏலமும் சுக்கும் பொடித்திட்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுவர். அக்கலவை பானையில் இரண்டொரு நாள் ஊறும். பின்னர் அதனை வாழையிலையில் வட்டமாகத் தட்டி, எண்ணெயிலோ நெய்யிலோ பொரித்து, இரு தட்டைக் கரண்டிகளுக்கு இடையே அழுத்தி எடுப்பர். கேதாரகௌரி நோன்பிற்கு 21 அதிரசம் வைத்துப் படைக்கும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. செய்முறை எளிதே எனத் தோன்றும். ஆயினும், இதன் உயிர்நிலை பாகின் பதத்தில் உள்ளது. பாகு இளகியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், முறுகிவிட்டால் கல்லாகும்.

தஞ்சைப் பகுதியில் சிற்றூர் ஒன்றில் பிறந்த மங்கை ஒருத்தி, மணம் முடித்துச் சென்னையில் வாழ்ந்து வந்தாள். அவளுக்கு அண்ணன் ஒருவர் உண்டு. அன்னை மறைந்தபின், பிறந்த வீட்டைப் பங்கிடும் வேளையில் இருவருக்கும் இடையே சொல் முற்றியது. அதன்பின் ஏழு தீபாவளிகள் வந்து போயின. அண்ணனிடமிருந்து சீர் வரவில்லை. தங்கையும் ஒரு சொல் எழுதவில்லை.

எட்டாம் ஆண்டில், பள்ளியில் பயிலும் அவள் மகள், "பாட்டி செய்த அதிரசம் போல இவ்வாண்டு செய்து தா, அம்மா" என்று வேண்டினாள். அன்னையும் அரிசியை ஊறவைத்து மாவு ஆக்கினாள். வெல்லம் கொதித்து மணம் எழுந்ததும் அவள் கண்முன் பழைய முற்றம் தோன்றியது. தானும் சிற்றன்னையும் மாறி மாறி உலக்கை போட்டதும், தந்தை வெல்ல உருண்டையைத் தட்டி உடைத்ததும், அடுப்பருகே அன்னை அமர்ந்திருந்ததும், சுடுபாகில் ஒரு துளிக்காக அண்ணன் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்ததும் நினைவில் நிழலாடின.

ஆயினும் என்? அம்முறை இட்ட அதிரசம் எண்ணெயில் கரைந்தது. மறுமுறை பாகை மிகக் காய்ச்சினாள். அதிரசம் பல்லுக்கு அடங்கவில்லை.

"பாட்டி உனக்குக் கற்றுத் தரவில்லையா, அம்மா?" என்றாள் மகள்.

"என் கையில் இருந்தது உலக்கை, கண்ணே. பாகுச் சட்டியின் அருகில் இருந்தவர் உன் மாமா."

"அப்படியானால் மாமாவையே கேட்போமே!"

அன்னை நெடுநேரம் வாளா இருந்தாள். பின்னர்த் தொலைபேசியை எடுத்தாள். "அண்ணா, அதிரசப் பாகு பதப்படவில்லை" என்பதன்றி வேறொன்றும் அவளுக்குச் சொல்ல வரவில்லை. மறுமுனையிலும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கிண்ணத்தில் நீர் வைத்திருக்கிறாயா?" என்று குரல் வந்தது.

"ஒரு துளி பாகை அதில் விடு. கரையாமல் நிற்க வேண்டும். விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். கிண்ணத்தில் போட்டால் ஓசை எழுமாயின், பதம் கடந்துவிட்டது என்பார் அம்மா." இவ்வாறு கூறியவர் தயங்கி, "மாவில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆண்டுதோறும் உன் அண்ணி செய்யும் அதிரசம் வெடித்துவிடுகிறது" என்றார்.

"மாவைக் கையில் இறுகப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், அண்ணா, உதிர்த்தால் உதிர வேண்டும்" என்றாள் தங்கை. அன்று இருவரும் வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அவ்வாண்டுத் தீபாவளியன்று அண்ணன் சீருடன் வந்தார். சீர்த்தட்டில் அண்ணி செய்த அதிரசங்களும் இருந்தன. அவை வெடிக்கவில்லை.

முன்னோர் தேடிய அறிவு முழுவதும் ஏட்டில் எழுதப்படவில்லை. அஃது இல்லத்தார் பலர் கைகளில் சிறிது சிறிதாகத் தங்கியுள்ளது. ஒருவர் மாவின் ஈரத்தை அறிவார். மற்றொருவர் பாகின் பதத்தை அறிவார். வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டுக்கொண்டு வாழலாம். ஆனால், அன்னையின் அதிரசத்தை அவ்வாறு பங்கிட்டுக்கொண்டு தனித்தனியே செய்தல் இயலாது.