பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பாதீங்க: கேஸ் பிஸ்டன் ஏர் ரைஃபிள் ஒரு பாடம்

பட்ஜெட்டுக்குள் ஒரு கேஸ் பிஸ்டன் ஏர் ரைஃபிள் வாங்கி, அட்டை இலக்கில் சுட்டுப் பழகலாம்னு நினைக்கிறீங்களா? முதலில் கண்ணில் படுவது பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகம்தான். 1000 எஃப்.பி.எஸ்., 1200 எஃப்.பி.எஸ்., அதாவது விநாடிக்கு இத்தனை அடி. எவ்வளவு எடையுள்ள பெல்லட்டை வைத்து அதை அளந்தார்கள் என்று பக்கத்தில் போட்டிருக்கிறதா, பாருங்க. அது இல்லை என்றால் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பிளஸ் டூவில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரமே போதும்: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் இருபடி. 1000 எஃப்.பி.எஸ். என்பது விநாடிக்கு 305 மீட்டர். 5 கிரெய்ன், அதாவது 0.32 கிராம் எடையுள்ள அலாய் பெல்லட் அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 15 ஜூல். சாதாரண 8 கிரெய்ன் ஈய பெல்லட் (0.52 கிராம்) அதே வேகத்தில் போனால் 24 ஜூல். இரண்டும் ஒரே துப்பாக்கி கிடையாது. 15 ஜூல் துப்பாக்கியில் அந்த ஈய பெல்லட்டைப் போட்டால் ஏறத்தாழ 240 மீட்டர் வேகம்தான் வரும். விளம்பரத்துக்கு இலகுவான பெல்லட்டை வைத்து அளப்பது உலகம் முழுக்க நடக்கிற பழைய வித்தை.

இது வெறும் விளம்பர விஷயம் இல்லை, சட்ட விஷயமும்கூட. இந்தியாவில் ஆயுத விதிகள் 2016-ன்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள்ளும் (4.5 மி.மீ.) ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால்தான் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். 8 கிரெய்ன் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்றால் சுமார் 278 மீட்டர், அதாவது 912 எஃப்.பி.எஸ். வேகத்தைக் கூட்டும் 'அப்கிரேட்' எதுவாக இருந்தாலும் அது உங்களை இந்தக் கோட்டை நோக்கித்தான் தள்ளும். அதனால் இந்தக் கட்டுரையில் அப்கிரேட் என்று சொல்வதெல்லாம் குறி துல்லியமாவதற்கு மட்டும்தான். இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கோங்க: ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பெல்லட் போகும் வேகம் சுமார் 170 மீட்டர், ஆற்றல் 8 ஜூலுக்குள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே போட்டிதான். அங்கே நடு வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்.

உள்ளே என்ன நடக்குது?

காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட்டைப் பார்த்திருப்பீங்க. கிட்டத்தட்ட அதுதான் இங்கே ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கிறது. மூடி சீல் செய்த உருளைக்குள் அழுத்தத்தில் நைட்ரஜன். குழலை மடக்கினால் வாயு இன்னும் நெருக்கப்படும். டிரிகரை இழுத்ததும் அது விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளும், பிஸ்டன் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை அழுத்தும், அந்தக் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளும். நைட்ரஜன் பெல்லட்டைத் தொடுவதே இல்லை. 1980-களில் பிரிட்டனின் தியோபென் நிறுவனம் பிரபலமாக்கிய ஏற்பாடு இது. ஜெர்மனியின் வைராவ் எச்.டபிள்யூ.90 ரைஃபிளில் இருப்பதும் தியோபென் வழிமுறைதான். பின்னால் கிராஸ்மன் 'நைட்ரோ பிஸ்டன்', கமோ 'ஐ.ஜி.டி.', ஹட்சன் 'வோர்டெக்ஸ்' என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக் குறைந்த விலை மாடல்களில் கொண்டுவந்தார்கள்.

ஸ்பிரிங்கில் விசை நீளத்தோடு நேர்கோட்டில் ஏறும். வாயுவில் தொடக்கத்திலேயே விசை அதிகம். அதனால்தான் கேஸ் பிஸ்டனை மடக்கும்போது ஆரம்பத்திலிருந்தே கை கனக்கும். கடையில் ஒருமுறை மடக்கிப் பார்த்து 'பரவாயில்லை' என்று முடிவு செய்யாதீங்க. ஒரு பயிற்சியில் ஐம்பது தடவை மடக்கணும். பதிலுக்குக் கிடைப்பது: ஸ்பிரிங்கின் 'டொய்ங்' அதிர்வும் முறுக்கலும் கிடையாது, ஸ்பிரிங் நாளடைவில் தளரும் பிரச்சினையும் கிடையாது. குறை என்னவென்றால், சீல் கசிந்துவிட்டால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது, முழு உருளையையே மாற்றணும். அதை அறுத்துப் பார்க்கவோ துளை போடவோ போகாதீங்க, உள்ளே உயர் அழுத்தம் இருக்கிறது.

வாயு என்பதால் வெப்பநிலையும் விளையாடும். கனஅளவு மாறாதபோது அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம். காலை 22 டிகிரி, மதியம் 40 டிகிரி என்றால் 295-லிருந்து 313 கெல்வின், அழுத்தம் 6 சதவீதம் கூடும். ஆற்றலும் தோராயமாக அதே அளவு கூடுகிறது என்று வைத்தால் வேகம் 3 சதவீதம் கூடும். 250 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 25 மீட்டர் தூரத்தில், காற்றுத் தடையை விட்டுவிட்டால், சுமார் 5 செ.மீ. கீழே இறங்கும். அதில் 6 சதவீதம் என்பது 3 மி.மீ. 10 மீட்டரில் அட்டையில் சுடும் நமக்கு இது தெரியவே தெரியாது.

நமக்குத் தெரியக்கூடிய விஷயம் உதைப்புதான். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் முனையில் காற்று மெத்தையில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னே எகிறும். பெல்லட் குழலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஒரே மாதிரி ஆடினால்தான் பெல்லட் ஒரே இடத்துக்குப் போகும். இறுக்கிப் பிடித்தால் உங்கள் கையின் இறுக்கம் மாறும்போதெல்லாம் குறியும் மாறும். இடது உள்ளங்கையைத் திறந்து வைத்து, அதன் மேல் துப்பாக்கியைச் சும்மா உட்கார வைங்க. தோளிலும் மெதுவாகத்தான் படணும். இதற்கு ஆர்ட்டிலரி ஹோல்ட் என்று பெயர். பீரங்கி தன் சக்கரத்தில் தானாகப் பின்வாங்குவது மாதிரி. காசே செலவில்லாத அப்கிரேட் இது, இருப்பதிலேயே பெரியதும் இதுதான்.

சரி, காசை எதில் போடலாம்?

முதலில் பெல்லட். மூன்று நான்கு வகை ஈய பெல்லட் வாங்குங்க, 7 முதல் 9 கிரெய்னுக்குள். ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு பெல்லட் பிடிக்கும், தலை விட்டத்தில் 0.01 மி.மீ. வித்தியாசம்கூடக் குறியில் தெரியும். புதுத் துப்பாக்கியின் குழலில் தொழிற்சாலை கிரீஸ் இருக்கும், துணி விட்டு இழுத்துச் சுத்தம் செய்துவிட்டு, முதல் இருநூறு முந்நூறு சுடுதலைக் கணக்கில் எடுக்காதீங்க. அப்புறம் ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று வெர்னியரில் அளந்து எழுதி வைங்க. மூன்று ஓட்டை ஒட்டி விழுந்ததைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுறவங்களை நம்பாதீங்க. மூன்று என்பது சாம்பிளே இல்லை.

அடுத்தது திருகுகள். உதைப்பில் ஸ்டாக் திருகுகள் மெல்லக் கழன்றுகொண்டே இருக்கும். குறி திடீரென்று கெட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. கழற்றக்கூடிய வகை திரெட்லாக்கர் ஒரு சொட்டு போதும். பிறகு, குழல் மடங்கும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங். சுடும்போது அந்த மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைங்க. பேப்பர் பறந்தால் காற்று கசியுது என்று அர்த்தம். ஓ-ரிங் மாற்றுவது சில்லறைச் செலவு.

குறைந்த விலை மாடல்களில் கம்பெனி மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் டிரிகரிலும், இலவசமாகக் கொடுக்கும் ஸ்கோப்பிலும்தான். ஸ்கோப் வாங்குவதானால் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததாக இருக்கணும். முன்னே எகிறும் அந்த இரண்டாவது உதைப்பு சாதாரண ஸ்கோப்பின் உள் கண்ணாடிகளை இளக்கிவிடும். 10 மீட்டருக்குக் குவியம் சரிசெய்ய வசதி இருக்கிறதா பாருங்க. மவுன்ட் ஒரே துண்டாக, நகராமல் தடுக்கும் பின் வைத்ததாக இருக்கட்டும். டிரிகரில், உங்கள் மாடலுக்கென்றே செய்த மாற்றுப் பாகம் கிடைத்தால் போடுங்க. அரம் வைத்து சியரை நீங்களே தேய்க்க வேண்டாம். குழல் மடங்கியிருக்கும்போது சியர் நழுவினால் குழல் முழு விசையோடு திரும்பும், நடுவில் விரல் இருந்தால் நொறுங்கிவிடும். பெல்லட் போடும்போது குழலைக் கையில் பிடித்துக்கொண்டே போடுவதும் இதற்காகத்தான்.

எண்ணெய் பற்றி ஒரு எச்சரிக்கை. காற்று அழுத்தப்படும் அறைக்குள் சாதாரண மெஷின் ஆயில் விட்டால் அது டீசல் எஞ்சின் மாதிரியே அழுத்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். சத்தமும் புகையும் வரும், சீல் போய்விடும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் சீலைக் கொல்லும்.

சுடும் இடத்துக்குப் பின்னால் சுவர் மட்டும் போதாது, ஈயம் தெறித்துத் திரும்பும். இரும்புப் பெட்டிக்குள் பழைய துணியையோ களிமண்ணையோ அடைத்து வைங்க, கண்ணாடி போடுங்க. காட்டுப் பறவைகளைச் சுடுவது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஹாஸ்டலுக்குக் கொண்டுவருவது பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

கடைசியாக, வேகத்தை நீங்களே அளக்கலாம். குரோனோகிராஃப் வேண்டாம், போன் போதும். துப்பாக்கி முனைக்கும் இலக்குக்கும் சரியாக 10 மீட்டர் வைங்க. நடுவில், 5 மீட்டர் புள்ளியிலிருந்து இரண்டு மீட்டர் பக்கவாட்டில் போனை வைத்து ஒலிப்பதிவு செய்யுங்க. இரண்டு முனைகளிலிருந்தும் போனுக்குத் தூரம் ஒன்றே, அதனால் ஒலி வரும் தாமதம் இரண்டுக்கும் சமம், கழித்தால் போய்விடும். பதிவை ஆடாசிட்டியில் திறந்து, சுட்ட சத்தத்துக்கும் இலக்கில் பட்ட சத்தத்துக்கும் இடைவெளி பாருங்க. 40 மில்லி விநாடி என்றால் சராசரி வேகம் 250 மீட்டர், 8 கிரெய்ன் பெல்லட்டுக்கு 16 ஜூல். பிஸ்டன் சத்தம் சற்று முன்னாடியே கேட்கும் என்பதால் முதல் சத்தத்தின் உச்சியை எங்கே எடுப்பது என்பதில் கவனம் வேணும். ஒரு மில்லி விநாடி தவறினால் ஆற்றலில் 5 சதவீதம் தவறும். பத்து முறை அளந்து சராசரி எடுங்க. முனையில் இருக்கும் வேகம் இந்தச் சராசரியை விடச் சற்று அதிகமாகத்தான் இருக்கும், அதையும் நினைவில் வைங்க. கணக்கு 20 ஜூலை நெருங்கினாலோ தாண்டினாலோ, பில்லோடு வாங்கிய கடைக்கே எடுத்துட்டுப் போய் முறையாக அளந்து தரச் சொல்லுங்க.