இன்னொரு டாக்டரைப் பார்க்கும் முன் காகிதங்களைச் சேருங்கள்



"டிரஸர் ஐயா, பெரியாஸ்பத்திரியில மார்பை எடுக்கணும்னு சொல்றாங்க. வேற டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கலாமா?" என்று பால் வெட்டும் அக்காள் ஒருவர் என்னிடம் கேட்டார். தாராளமாகக் கேட்கலாம். அது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது.

கடிதம் எழுதிக் கொடுத்தேன். எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அக்காள் மருந்துச் சீட்டும் கார்டும் மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனார். "பயாப்சி முடிவு எங்கே?" என்று கேட்டு, வேறொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, மூன்று வாரமும் போச்சு. தவறு என்னுடையது. உங்களுக்கு அப்படி நேரக்கூடாது.

சேர்க்க வேண்டியவை:

1. பயாப்சி முடிவு. கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதித்த அறிக்கை. எந்த வகைப் புற்று என்று சொல்வது இதுதான். மார்புப் புற்றென்றால் ஹார்மோன், ஹெர்-2 சோதனை முடிவுகளும் வேண்டும். அந்தத் துண்டை மெழுகுக் கட்டியாகவும் கண்ணாடித் தகடாகவும் வைத்திருப்பார்கள். புது டாக்டர் தகட்டையே பார்க்க விரும்பலாம். இரவல் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

2. ஸ்கேன், எக்ஸ்ரே, மெமோகிராம். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படம் உள்ள சிடியையும் கேளுங்கள்.

3. ஆப்பரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் தாள்.

4. கீமோ மருந்தின் பெயர், அளவு, தேதிகள். கரண்டு வைத்திருந்தால், எந்த இடத்தில், எத்தனை தடவை, மொத்த அளவு எவ்வளவு.

5. இரத்தச் சோதனை முடிவுகள். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் பட்டியல். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் 'ரெக்கோட் பெருபாத்தான்' பிரிவுக்கு ஐசியுடன் போய், 'லாப்போரான் பெருபாத்தான்' வேண்டும் என்று கேளுங்கள். பாரமும் கட்டணமும் உண்டு. கைக்கு வர நாளாகும், ஆகவே முன்கூட்டியே கேளுங்கள். உறவினரை அனுப்பினால் நோயாளி கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும்.

எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பைலில் தேதி வாரியாக அடுக்குங்கள். முன்னால் ஒரு தாளில் பெயர், வயது, நோய், இதுவரை நடந்த சிகிச்சை, நீங்கள் கேட்கப்போகும் மூன்று கேள்விகள் எழுதுங்கள். நகலைக் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். லயத்து வீட்டில் கரையானும் மழை ஒழுகலும் உண்டு, பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். நடக்கிற சிகிச்சையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "எத்தனை நாள் தள்ளிப்போடலாம்?" என்று முதல் டாக்டரையே கேளுங்கள். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி தொட்டால், பைலோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த அக்காள் மறுமுறை முழுப் பைலோடு போனார். இரண்டாவது டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் ஏன் என்று புரிந்துகொண்டு, மனம் தெளிந்து ஆப்பரேஷனுக்குச் சம்மதித்தார்.

காகிதம் இங்கிலீஷிலோ மலாயிலோ இருந்து புரியவில்லையா? தோட்டக் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.