கடவுச்சொல்

பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் கணிப்பொறியில் ஒவ்வொருவர் ஏட்டையும் பிறர் காணாவாறு காப்பது கடவுச்சொல். 1961-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பார் தம் குழுவினருடன் உருவாக்கிய அமைப்பில் இம்முறை கையாளப்பட்டது.

ஆங்குக் கடவுச்சொற்கள் யாவும் ஒரே கோப்பில் எழுதியவாறே கிடந்தன. 1966-இல் மேற்பார்வையாளர் இருவர் ஒரே வேளையில் திருத்தப் புகுந்தனர். ஒருவர் அன்றைய அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் திருத்தினர். இருவர் பணிக்கும் பொறி ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை அமைத்தமையால் இரண்டும் இடம் மாறின. பின்னர் உள்நுழைந்தோர்க்கெல்லாம் அறிவிப்புக்கு மாறாக அனைவர் கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! பூட்டு பழுதுறவில்லை, திறவுகோல்களை ஓரிடத்தே குவித்ததே கேடாயிற்று.

இதற்குப் பின்வந்தோர் கண்ட தீர்வுக்கு நம் நாட்டிலேயே ஓர் உவமை உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலின் கருவறையில் ஆவுடை உண்டு, இலிங்கம் இல்லை. அதுபோலவே, செவ்விதின் அமைந்த கணிப்பொறியில் கடவுச்சொல் இராது. அதனைக் கணக்கிட்டுப் பெற்ற குறி மட்டுமே இருக்கும். ஒருவர் சொல்லை உள்ளிடுந்தோறும் பொறி மீண்டும் கணக்கிட்டு, இரு குறிகளும் ஒக்கின்றனவா என நோக்கும். குறியிலிருந்து சொல்லை நேரே மீட்டல் அரிது. ஆயினும், குறிகளைக் களவாடியவன் ஊகச் சொற்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு ஒப்பிடுவான். எளிய சொல் விரைவில் அகப்படும்.

இதற்கஞ்சிய பொறுப்பாளர் பலர், எண்ணும் குறியீடும் கலந்தே சொல் அமைதல் வேண்டும், 90 நாளுக்கொருமுறை அதனை மாற்றவும் வேண்டும் என விதித்தனர். விளைந்ததோ வேறு. பயன்படுத்துவோர் பழைய சொல்லின் ஈற்றில் 1, 2 என ஒட்டினர். சிலர் தாளில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டிவைத்தனர். 2017-இல் அமெரிக்க அரசின் தர நிறுவனம் இவ்விதிகளைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. நீண்ட சொற்றொடருக்கு இடந்தருக. முன்பே வெளிப்பட்ட சொற்களை மறுத்திடுக. களவு நேர்ந்தமைக்குச் சான்றிருப்பின் மட்டும் மாற்றச் செய்க என்றது.