பழைய லாரியும் மின்விசிறியும்

மோட்டார் இயந்திரத்தில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழக் கால் பங்கே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகின்றது. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீரிற் சேர்ந்து, ரேடியேட்டரின் வழியே வெளியேறல் வேண்டும். அங்ஙனம் வெளியேறாதொழியின் நீர் கொதித்து, இயந்திரத்தின் தலைப்பகுதி கோணியும் வெடித்தும் கெடும். பழைய லாரிகளைப் பேணிக் காக்கும் வழக்கம் மிக்க அமெரிக்க நாட்டில், அன்பர் பலர் இயந்திரத்தாற் சுழலும் விசிறியை நீக்கி மின்விசிறியைப் பொருத்துகின்றனர். இதன் காரணத்தையும் முறையையும் யாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். 12 வோல்ட்டு மின்னமைப்பும் ஆறு சிலிண்டர் இயந்திரமும் கொண்ட 1957ஆம் ஆண்டுச் செவ்ரோலே 3100 என்னும் சிறு லாரியை எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

பழைய விசிறியின் இயல்பு

இவ்விசிறி தண்ணீர்ப் பம்பின் அச்சிற் பொருந்திப் பெல்ட்டினால் இயந்திரத்தோடு உடன்சுழல்வது. இயந்திரம் விரையின் இதுவும் விரையும். இயந்திரம் தளரின் இதுவும் தளரும். நெடுஞ்சாலையில் வண்டி விரைந்தோடுங்கால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதும். ஆயினும் அப்பொழுதே விசிறி மிக விரைந்து சுழல்கின்றது. விசிறியின் வேகம் இருமடங்காயின் அது கொள்ளும் ஆற்றல் எண்மடங்காகும். கோடை நண்பகலில் வண்டி நெரிசலிடையே நிற்குங்காலோ, காற்று மிக வேண்டியிருக்க, விசிறி மெல்லச் சுழலும். வேண்டாவிடத்து மிகுந்தும் வேண்டியவிடத்துக் குறைந்தும் நிற்பதே அதன் குறையாகும். மின்விசிறியோ இயந்திரத்தின் வேகத்தை நோக்காது, வெப்பத்தை நோக்கி இயங்குவது.

ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. துருவும் உப்பும் அடைந்த ரேடியேட்டருக்கு எவ்விசிறியும் மருந்தாகாது. அதனைத் தூய்மை செய்தலே முதற்கடன். அதனாலேயே வெப்பம் தணியுமாயின் விசிறியை மாற்ற வேண்டுவதில்லை.

டைனமோவின் வன்மை

பெரிய மின்விசிறி ஒன்று 30 ஆம்பியர் வரை மின்னோட்டம் கொள்ளும். சுழலத் தொடங்கும் நொடியில் அதனினும் இருமடங்கிற்கு மேலும் கொள்ளும். மேற்கூறிய லாரியின் டைனமோவோ நன்கு விரைந்து சுழலுங்காலே 30 ஆம்பியர் அளவு தரும். இயந்திரம் மெல்ல ஓடுங்கால் ஏறக்குறைய ஒன்றும் தாராது. விசிறி மிக வேண்டப்படுவதும் அவ்வேளையிலன்றோ? ஆகவே, டைனமோவை அவ்வாறே விட்டு விசிறியை மட்டும் மாற்றுவோன், பழைய குறையை விசிறியினின்றெடுத்து டைனமோவில் வைத்தவனாவான். இரவில் முன்விளக்குகளும் எரியுமாயின் பாட்டரி விரைவில் வறிதாகும். ஆதலின், 1960க்குப் பின் அமெரிக்க வண்டிகளிற் பரவிய ஆல்டர்னேட்டரை முதலில் அமைத்தல் வேண்டும். அது மெல்லச் சுழலும்போதும் போதிய மின்சாரம் தரவல்லது. அதனினின்று பாட்டரிக்குச் செல்லும் கம்பியும் பருத்ததாதல் வேண்டும். வண்டியின் முகப்பிலுள்ள ஆம்பியர்மானியின் வழியே இம்மிகை மின்னோட்டம் பாயின் பழைய கம்பி தீப்பற்றுதலுங் கூடும்.

1955ஆம் ஆண்டு வரை வெளிவந்த போர்டு லாரிகள் 6 வோல்ட்டுடையன. அவற்றிற் பாட்டரியின் நேர்முனையே இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கும். அவற்றை 12 வோல்ட்டுக்கு மாற்றிய பின்னரே இப்பணியைத் தொடங்குதல் நலம்.

கம்பியின் பருமன்

போக்கும் வரவும் சேர்த்து 4 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியில் 30 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வாம். கம்பியின் குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டராயின், ஏறத்தாழ 1.4 வோல்ட்டு வழியிலேயே இழக்கப்படும். 41 வாட்டு வெப்பம் கம்பியிலேயே தோன்றும். விசிறி தளரும், கம்பியின் உறை உருகும். பரப்பு 6 சதுர மில்லிமீட்டராயின், இழப்பு 0.35 வோல்ட்டளவே, வெப்பமும் 10 வாட்டளவே.

இணைக்கும் முறை

முதலிற் பாட்டரியின் இணைப்பை நீக்குக. பழைய விசிறியைக் கழற்றுங்கால், அதனைப் பிடித்த திருகாணிகளே பம்பின் கப்பியையும் பிடிப்பன என்பதை மறவற்க. நீண்ட திருகாணிகளுக்கு ஈடாகக் குறுகியன இடுக. புதிய விசிறியை ரேடியேட்டரின் பின்புறத்தே, அதன் பரப்பு முழுவதையும் மூடும் தகட்டுறையோடு பொருத்துக. உறையில்லையேல் விசிறியின் வட்டத்திற்கு நேரான பகுதியே குளிரும். காற்று இயந்திரத்தின் பக்கமாக இழுக்கப்படல் வேண்டும்; மாறிச் சுழலின் அது எதிர்க்காற்றோடு போரிடும்.

இத்துணை மின்னோட்டத்தைச் சுவிச்சு தாங்காதாகலின் ரிலே வேண்டப்படும். சிறு மின்னோட்டத்தாற் பெரு மின்னோட்டத்தை ஏவுவதே அதன் தொழில். ரிலேயின் 30ஆம் எண் முனைக்குப் பாட்டரியினின்று பியூஸ் வழியாக வருங் கம்பியை இணைக்க. 87ஆம் எண் முனையினின்று விசிறிக்குக் கம்பி செல்க. 86ஆம் முனை சாவிச் சுவிச்சினின்று மின்சாரம் பெறும். 85ஆம் முனை, இயந்திரத்திற் பொருத்திய வெப்பச் சுவிச்சின் வழியே சட்டத்தைச் சாரும். பியூஸ் பாட்டரியின் அருகிலேயே இருத்தல் வேண்டும்; அது விசிறியைக் காப்பதினும் கம்பியைக் காப்பதற்கே உள்ளது. விசிறியின் மற்றைக் கம்பியை வண்ணம் சுரண்டிய தூய இரும்பில் இறுகப் பொருத்துக. வண்ணத்தின்மேல் வைத்த இணைப்பு இணைப்பன்று.

நீரை வழிவிடும் தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறப்பதாயின், விசிறி 93 பாகையிற் சுழலத் தொடங்கி 85 பாகையில் நிற்குமாறு வெப்பச் சுவிச்சைத் தெரிந்தெடுத்தல் தகும். நிற்கும் அளவு 82க்குக் கீழாயின், தெர்மோஸ்டாட் நீரை அவ்வளவு குளிரவிடாதாகலின், விசிறி ஓயாது சுழன்றுகொண்டேயிருக்கும்.

வெண்பாவில் ஒரு சீரை மாற்றினோர் அதன் முன்னும் பின்னும் உள்ள தளைகளை நோக்காதொழியின் செய்யுள் சிதையும் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். பழைய இயந்திரத்திற் புதிய உறுப்பொன்றைப் பொருத்துதலும் அத்தகையதே. விசிறியின் விலையை மட்டும் எண்ணித் தொடங்காது, மின்சாரம் பிறக்குமிடம் முதல் அது சென்றடையும் இரும்பு வரை நோக்கித் தொடங்குவோரின் லாரியே கோடையிலும் நெடுவழியிலும் குறையின்றி ஓடும்.