அணுப் பாடத்துக்குக் கோலிக்குண்டு போதும்

அறிவியல் கண்காட்சி முடிந்த மறுவாரம் எந்தப் பள்ளி ஆய்வகத்தின் அலமாரி மேலே வேண்டுமானாலும் பாருங்கள். தெர்மாகோல் பந்து, வளைத்த கம்பி, சிவப்பு நீலப் பெயின்ட் என்று நாலைந்து அணுக்கள் தூசி படிந்து கிடக்கும். பாதிக்கு மேல் அப்பாவோ மாமாவோ ராத்திரி உட்கார்ந்து செய்தவை, மீதி ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக வாங்கியவை. அவற்றை வைத்து ஒரு பீரியட்கூடப் பாடம் நடத்த முடியாது.

கொடுமுடி, சிவகிரி, ஊஞ்சலூர்ப் பக்கம் அறிவியல் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கும், பி.எட். பயிற்சிக்கு வந்து 'அணு அமைப்பு' பாடம் தலையில் விழுந்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். மாடலுக்கு நான் வைக்கும் தகுதி இரண்டே. மாணவர் தம் கையால், வகுப்பு நேரத்துக்குள் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் அதைத் தடுமாற வைக்கிற ஒரு கேள்வி உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தக் கேள்வி இல்லையென்றால் அது கைவேலை வகுப்பு.

கேள்விகளைத் தேடி அலைய வேண்டாம், வரலாறே வரிசையாகத் தந்திருக்கிறது. 1897இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த தாம்சன், நேர்மின் உருண்டைக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருப்பதாக நினைத்தார். ஆற்றோரக் களிமண்ணில் ஓர் உருண்டை பிடித்து, பாசிமணிகளை அழுத்திவிட்டால் அவருடைய அணு தயார். பத்து நிமிட வேலை. அதை மேசையில் வைத்துவிட்டு மான்செஸ்டர் கதையைச் சொல்லுங்கள். ரூதர்போர்டின் ஆய்வகத்தில் 1909இல் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள்மேல் ஆல்பாத் துகள்களைப் பாய்ச்சினார்கள். மார்ஸ்டனுக்கு அப்போது வயது இருபது, இன்னும் பட்டம் வாங்காத மாணவர். பிளாட்டினத் தகட்டில் பட்ட துகள்களில் சுமார் 8,000க்கு ஒன்று வந்த வழியே திரும்பியது. களிமண் உருண்டையைக் காட்டி, "இதுல பட்டா எதுக்குத் திரும்பணும்?" என்று கேளுங்கள். பதில் வராது. அந்த அமைதியிலேயே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்த வேலைக்குத்தான் கோலிக்குண்டு. ஒன்றரை அடிச் சதுர அட்டையோ பலகையோ எடுத்து, அடிப்பக்கத்தில் முக்கோணமோ சதுரமோ வட்டமோ ஏதாவது ஒரு மரக்கட்டையை ஒட்டுங்கள். கோலி நுழையும் உயரத்துக்கு நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்துத் தரையில் கவிழ்த்து வையுங்கள். பலகை மேலே ஒரு வெள்ளைத்தாள். மாணவர்கள் நான்கு பக்கமிருந்தும் கோலியை உருட்டி, அது நுழைந்த இடத்தையும் வெளியே வந்த இடத்தையும் தாளில் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். முப்பது நாற்பது கோடு விழுந்ததும் உள்ளே இருப்பதன் உருவம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆறு பேருக்கு ஒரு பலகை போதும். ஒரு குழுவுக்கு மட்டும் மிகச் சின்னக் கட்டையை ஒட்டிக் கொடுங்கள். அவர்கள் உருட்டுவதெல்லாம் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். "சார், எங்களுதுல ஒண்ணுமே இல்லீங்க" என்பார்கள். எப்போதாவது ஒரு கோலி பட்டுத் திரும்பும்போது அந்தக் குழு போடும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ஆசிரியர் வேலைக்கு வரலாம்.

எல்லோரும் ஊகித்து முடித்ததும் பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள். காட்டாதீர்கள். ரூதர்போர்டுக்கும் யாரும் தூக்கிக் காட்டவில்லை. 1911இல் அணுவின் நடுவே உட்கரு உண்டு என்று அவர் எழுதியது இப்படிக் கோடு போட்டுப் பார்த்துத்தான்.

உட்கரு எவ்வளவு சின்னது என்பதைப் புத்தகப் படம் ஒருபோதும் சொல்லாது, பக்கம் போதாது. அதற்கு மைதானம் வேண்டும். நடுவில் ஒரு கடுகை வையுங்கள். ஹைட்ரஜனின் உட்கரு அந்த 2 மில்லிமீட்டர் கடுகு என்றால், அதன் எலக்ட்ரான் ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி இருக்கும். ஒரு மாணவியைக் கயிறோடு நடக்கவிட்டு அளக்கச் சொல்லுங்கள். கடுகுக்குப் பதில் கோலி என்றால் தூரம் அரைக் கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். கொடுமுடி மகுடேசுவரர் கோயில் வாசலில் கோலியை வைத்தால் எலக்ட்ரான் எந்தக் கடை முன்னால் நிற்கும் என்று போன் மேப்பில் பார்த்துவரச் சொல்வது நல்ல வீட்டுப்பாடம். மைதானத்துக்குப் போகும் முன் எச்.எம். காதில் போட்டுவிடுங்கள், உடற்கல்வி ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை. இந்த இரண்டையும் மறந்து கெட்டுப்போன நல்ல பாடங்கள் ஏராளம்.

விஞ்ஞானி போரின் 1913 அணு மாடலுக்கு வளையல் மூன்று, பாசிமணி கொஞ்சம். கோயில் வாசல் கடைகளில் இரண்டும் கிடைக்கும். சோடியத்துக்கு 2, 8, 1 என்று மணி கோத்து, கடைசி மணியைக் கழற்றினால் அயனி. இதை எல்லோரும் செய்கிறார்கள், நீட்ட வேண்டாம். ஆனால் ஹீலியம் செய்யும்போது நியூட்ரானைக் கொடுக்காமல் விடுங்கள். புரோட்டான் இரண்டு, நிறை நான்கு, மீதி இரண்டு எங்கே? இந்தக் கேள்வியோடு ஒருநாள் வீட்டுக்கு அனுப்புங்கள். 1911க்குப் பிறகு சாட்விக் நியூட்ரானைப் பிடிக்க 1932 வரை ஆனது. பிள்ளைகள் ஓர் இரவு பொறுக்கலாம்.

குளோரினின் 35.5க்குப் புளியங்கொட்டை. முப்பது கறுப்புக் கொட்டைக்கு மதிப்பு 35, ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய பத்துக்கு 37. பையில் குலுக்கிக் குழுவுக்கு ஒரு கை அள்ளிச் சராசரி பார்க்கட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்சம் மாறி வரும், மொத்தத்தையும் சேர்த்தால் சரியாக 35.5.

முடித்ததும் ஒவ்வொரு மாடலின் அடியிலும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்: 'இந்த மாடல் சொல்லும் பொய் என்ன?' வளையல் மாடல் என்றால், எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்பது ஒன்று, அளவு விகிதம் இன்னொன்று. இந்தச் சீட்டை எழுதாத பிள்ளைகள்தான் பிளஸ் ஒன்னில் ஆர்பிட்டால் வந்ததும் திணறுகிறார்கள்.

இது பிள்ளை விளையாட்டு என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் ஜி.என். ராமச்சந்திரனைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் பந்தும் குச்சியுமாக மாடல் கட்டித்தான் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பை 1954இல் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே திருத்தி, மூன்று இழை முறுக்கிய வடிவம் என்றார்கள். உங்கள் மாடலில் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக் தரப்பு குற்றம் சொன்னது. ராமச்சந்திரன் வாதத்தில் இறங்கி நேரத்தைக் கழிக்கவில்லை. இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை வெளியான படிக ஆய்வுத் தரவுகளையெல்லாம் தோண்டினார். அதிலிருந்து பிறந்ததுதான், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். புரத அமைப்பு சரிதானா என்று பார்க்க இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் எடுக்கிறார்கள்.

பொருளுக்கு அலைய வேண்டாம் என்பதற்கு அரவிந்த் குப்தா சாட்சி. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, டெல்கோவில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு, மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்வு டியூப்பும் தீக்குச்சியும் சேர்த்து அவர் உருவாக்கிய இணைப்புகளில் மீத்தேன்கூடச் செய்யலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்களுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டம் இருக்கிறது, கருத்தாளர் வரும் நாளை விசாரித்து அணுப் பாடத்தை அதையொட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்பயர் மானக் விருதுக்கு மட்டும் அணு மாடலை அனுப்பாதீர்கள். தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் தரும் திட்டம் அது, ஆனால் அங்கே கேட்பது புது யோசனை.

போர்ஷன் முடிக்க வேண்டுமே என்ற பயம் நியாயமானது. நாற்பது நிமிடத்தில் செய்வதற்கு இருபத்தைந்து, பேச்சுக்குப் பத்து, கடைசி ஐந்தில் புக் பேக் கேள்வி. படம் வரைந்து பாகம் குறிக்கும் பயிற்சியைக் கைவிடாதீர்கள், மதிப்பெண் அங்கேதான்.

தனியார் பள்ளி வேலைக்கு ஈரோடு, திருச்செங்கோடு பக்கம் டெமோ கிளாஸ் எடுக்கப் போகிறவர்கள் பவர்பாயின்ட்டை வீட்டில் வைத்துவிட்டு அந்தப் பலகையையும் நாலு கோலியையும் கொண்டு போங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதல்வர் கையிலும் ஒரு கோலியைக் கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்க்க வந்தாலும், தாளாளரே சொன்னாலும், பலகையைத் தூக்காதீர்கள்.